பணம் கட்டாமல் ஆப்புக்குள் வாங்குதலைச் சோதிக்க முடியுமா?

ஆண்ட்ராய்டில் முடியும். பிளே கன்சோல் (ஆப்பை வெளியிட கூகுள் தரும் தளம்) செட்டிங்ஸில் ‘லைசென்ஸ் டெஸ்டிங்’ பகுதிக்குப் போய், சோதிப்பவரின் ஜிமெயிலைச் சேர்த்துவிடுங்கள். அந்தக் கணக்கில் வாங்கும்போது சோதனைக் கார்டுகள் வரும்: எப்போதும் ஏற்பது, எப்போதும் மறுப்பது, சில நிமிடம் கழித்து ஏற்பது அல்லது மறுப்பது. பலர் முதல் கார்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் தாமதக் கார்டில்தான் வெளிப்படும். பணம் ‘பெண்டிங்’ (இன்னும் வந்து சேராத) நிலையில் இருக்கும்போதே பொருளைக் கொடுத்துவிடும் ஆப்புகள் ஏராளம்.

கூகுளின் பில்லிங் லைப்ரரி (ஆப்புக்குள் பணம் வாங்க உதவும் நிரல்) உள்ள பில்டை, அதாவது ஆப்பின் தொகுத்த கோப்பை, பிளே கன்சோலின் இன்டர்னல் டெஸ்டிங்கில் ஒருமுறை ஏற்றி, விற்கும் பொருள்களை ‘ஆக்டிவ்’ ஆக்குங்கள். பிறகு டீபக் பில்டை (உருவாக்கும்போது பிழை தேடப் பயன்படுவது) நேராகப் போனில் போட்டே சோதிக்கலாம். பேக்கேஜ் பெயர் (ஆப்பின் தனி அடையாளப் பெயர்) மட்டும் அதேதான் இருக்க வேண்டும். டீபக் பில்டின் பேக்கேஜ் பெயரில் பின்னொட்டு சேர்த்திருந்தால் பொருள் பட்டியல் காலியாக வரும். நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாங்கியது சற்று நேரத்தில் தானே ரீஃபண்ட் ஆகிறதா? வாங்கியதை ஆப்பு ‘அக்னாலெட்ஜ்’ செய்யவில்லை, அதாவது பெற்றதாக கூகுளுக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். நிஜத்தில் இதற்கு 3 நாள் அவகாசம். சோதனைக் கணக்குக்கு 3 நிமிடம்தான். கேம் நாணயம் போன்று செலவாகித் தீர்பவற்றை இரண்டாம் முறை வாங்கும்போது ‘ஏற்கெனவே உங்களிடம் உள்ளது’ என்று வந்தால் அது செலவாகிவிட்டது என்று கூகுளுக்குச் சொல்லும் ‘கன்சியூம்’ அழைப்பு நிரலில் விடுபட்டிருக்கிறது.

சந்தாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சோதனைக் கணக்கில் மாதச் சந்தா 5 நிமிடத்திலும் ஆண்டுச் சந்தா 30 நிமிடத்திலும் புதுப்பிக்கப்படும். 6 முறைக்குப் பின் தானே நின்றுவிடும்.

போனில் பல கூகுள் கணக்குகள் இருந்தால், ஓகே அழுத்துமுன் சோதனைக் கார்டுதான் காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிஜப் பணம் போய்விடும்.