தட்டைப்பயறு பந்தல் ஏறியும் பூக்கவில்லையே, ஏன்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீடு. மளிகைக் கடையில் வாங்கிய தட்டைப்பயற்றை வைகாசிக் கடைசியில் புறக்கடையில் ஊன்றினேன். தொழுவுரம் நிறையப் போட்டேன். 15 நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும் கொஞ்சம் யூரியாவும் கொடுக்கிறேன். கொடி பந்தல் நிறைந்துவிட்டது. 2 மாதமாகியும் ஒரு பூ இல்லை. நுனியெல்லாம் கறுப்பாகப் பூச்சி, கூடவே எறும்பு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் யூரியாவையும் புண்ணாக்கையும் நிறுத்துங்கள் அம்மா. நீங்கள் பாசமாக ஊட்டியதுதான் செடியைக் கொடியாகவே வைத்திருக்கிறது. நம் பக்கம் மானாவாரிக் காட்டில் சோளத்துக்கு ஊடே தட்டைப்பயறு விதைப்பார்களே, அதற்கென்று தனியாக யார் உரம் போட்டார்கள்? தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் பயிர் அது. வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா அந்த வேலையைச் செய்கிறது. நெருக்கமாக இருக்கும் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. முடிச்சே இல்லையென்றால், நீங்கள் போட்ட யூரியா போதும் என்று செடி அந்தப் பாக்டீரியாவோடு கூட்டுச் சேராமல் விட்டிருக்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். மளிகைக் கடைப் பயறு என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது. படர்கொடி ரகங்களில் பல, பகல் பொழுது குறையத் தொடங்கினால்தான் பூக்கும். அப்படிப்பட்ட ரகமாக இருந்தால், நீண்ட பகல் உள்ள வைகாசியில் விதைத்தது புரட்டாசி, ஐப்பசி வரை இலையாகவே நிற்கும். அதனால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் சொன்ன கறுப்புப் பூச்சி அசுவினி; அது மொய்த்த நுனிகளை ஒரு சாண் அளவுக்குக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். பூச்சியும் போகும், பக்கக் கிளையும் வெடிக்கும். மிச்சம் இருப்பதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் நன்றாகக் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடிப்புறம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை போதும். அசுவினியை அலட்சியம் செய்ய வேண்டாம், இலை திட்டுத்திட்டாக வெளிறும் தேமல் நோயைச் செடிக்குச் செடி கொண்டு போவது அதுதான். அப்படித் தேமல் விழுந்த செடியை மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

எறும்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அசுவினி கசியவிடும் இனிப்பு நீருக்கு வருகிறது. பூங்காம்பில் இந்தச் செடி தானாகவே கொஞ்சம் தேன் சுரக்கும், அதற்கும் எறும்பு வரும். கறுப்பாக, சின்ன முதலை மாதிரி ஒரு புழு அசுவினிக் கூட்டத்தில் ஊர்ந்தால் அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்ன வந்தது, கொல்ல வேண்டாம்.

தண்ணீரையும் குறையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு விட்டால் போதும், ஈரம் தேங்கினால் வேர் அழுகும். பூ எடுத்த பிறகு மட்டும் வாடவிடாதீர்கள், பூ கொட்டிவிடும்.

அடுத்த முறை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 மாதிரிக் குத்துச்செடி ரகம் கிடைத்தால் வாங்குங்கள், 70 முதல் 75 நாளில் முடிந்துவிடும். ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியம் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, ஓர் அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள். நாற்று விட்டு நட வேண்டாம்.

காய் முற்றியதும் காலையிலேயே பறியுங்கள், உச்சி வெயிலில் நெற்று வெடித்துச் சிதறும். பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வண்டின் முட்டை, தோட்டத்திலேயே காயின் மேல் இடத் தொடங்கிவிடும். நன்றாக வெயிலில் காயவைத்து, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி வையுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு, அதே பாத்தியில் கீரை விதையுங்கள்.