அடைப்புக்குறிக்குள் ஒரு மாமியார்

கேள்வி: தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், வயது 24. விஷு வருடம் ஐப்பசி 15, பௌர்ணமி இரவு முடிந்து 2001 நவம்பர் 1 விடியற்காலையில், அடைமழையில் வண்டி கிடைக்காமல் வீட்டிலேயே பிறந்தாள். நேரம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருக்கும். இரண்டு ஜாதகங்கள் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்றில் புதன்கிழமை, கன்னி லக்னம். தோஷம் இல்லை என்கிறார்கள். மற்றதில் வியாழக்கிழமை, துலா லக்னம். நான்கில் செவ்வாய், தோஷம் உண்டு என்கிறார்கள். மூன்று வரன்கள் வந்து நின்றுவிட்டன. கடைசியாக வந்தவர்கள் ஊரில் விசாரித்துவிட்டுப் போனதோடு சரி. கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் நவபாஷாணத்தில் ஒன்பது வாரம் சுற்றியாயிற்று. இனி யாரையும் நம்பாமல் நானே ஜாதகம் பார்க்கக் கற்றுக்கொள்வது என்று புத்தகங்கள் வாங்கிவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது? பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கமா, வானியல் கணக்கான திருக்கணிதப் பஞ்சாங்கமா? அடுத்த வரனுக்கு எந்த ஜாதகத்தைக் கொடுப்பது? (பிரசவத்தின்போது மாமியார்தான் உடனிருந்தார். பாகப்பிரிவினைக்குப் பிறகு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்து வீடுதான்.)

பதில்: கேள்விகளையெல்லாம் வெளியே எழுதிவிட்டு, அவற்றுக்கு விடை தெரிந்த ஒரே மனிதரை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறீர்கள். ஜாதகம் கற்க வேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் பலர். அவர்களுடைய கடிதத்தின் ஏதோ ஓர் ஓரத்தில் பேசாமல் ஒதுக்கப்பட்ட ஒருவர் இருப்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் அடைப்புக்குறியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன்; பாடம் தெரிந்தால்தான் நான் ஏன் கோபப்படுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

நம் பக்கத்து ஜாதகக் கட்டத்தில் ராசிகள் இடம் மாறுவதில்லை. மேல் வரிசையின் இடது மூலையில் மீனம், அடுத்து மேஷம், ரிஷபம், மிதுனம் என்று வலமாகச் சுற்றிப் பன்னிரண்டும் எல்லோருடைய ஜாதகத்திலும் அதே இடத்தில்தான் இருக்கும். 'ல' என்ற எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அது முதல் வீடு. அந்தக் கட்டத்தையும் சேர்த்து ஒன்று, இரண்டு என்று வலமாக எண்ண வேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்த கட்டத்திலிருந்து எண்ணத் தொடங்குவது புதிதாகப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. உங்களுக்குப் பாடம் பிடிபடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறந்த நொடியில் கிழக்கு அடிவானத்தில் எழுந்துகொண்டிருந்த ராசியே லக்னம். ஒரு நாளுக்குள் பன்னிரண்டு ராசிகளும் எழுந்தாக வேண்டும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாளும் சனி கடக்க இரண்டரை ஆண்டும் ஆகின்றன. அதனால் உங்கள் மகள் பிறந்த நேரத்தை அரைமணி முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் சூரியன் துலாத்திலும், பௌர்ணமிச் சந்திரன் அதற்கு ஏழாவதான மேஷத்திலும், செவ்வாய் மகரத்திலும் அப்படியேதான் நிற்கும். லக்னம் மட்டும் நகரும்; அது நகர்ந்தால் பன்னிரண்டு வீடுகளும் சேர்ந்து நகரும். கன்னியிலிருந்து எண்ணினால் மகரம் ஐந்தாம் வீடு, துலாத்திலிருந்து எண்ணினால் நான்காம் வீடு. லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது வழக்கமான கணக்கு. லக்னத்தைப் பொறுத்தவரை உங்கள் ஜோதிடர்கள் இருவருமே தவறு செய்யவில்லை. நீங்கள் சொன்ன நேரத்துக்கு அவரவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நான் சொல்வதைத் தாளில் எழுதிப் பாருங்கள். சூரியன் எந்த ராசியில் நிற்கிறதோ அந்த ராசியே சூரியோதய நேரத்தின் லக்னம். தமிழ் மாதம் தெரிந்தால் சூரியனின் ராசி தெரியும்: சித்திரைக்கு மேஷம், ஐப்பசிக்குத் துலாம். இந்த ஒரு விதியைக் கொண்டு எந்த ஜாதகத்தின் லக்னத்தையும் தோராயமாகச் சரிபார்த்துவிடலாம். ஐப்பசி 15 அன்று சூரியன் துலாத்தின் நடுவில் இருந்தது. உங்கள் கரையில் அந்த நாளில் சூரியோதயம் ஆறு மணி ஐந்து நிமிடத்தை ஒட்டி வரும். துலாத்தின் முதற்பாதி எழ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், துலாம் எழத் தொடங்கியது ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னால், அதுவரை கன்னி. நீங்கள் "நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில்" என்று போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு மணி நேரத்தின் நட்டநடுவில்தான் உங்கள் மகளின் லக்னம் மாறுகிறது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாங்க நாள் சூரியோதயத்தில் தொடங்குவதால் விடிவதற்குள் பிறந்த உங்கள் மகளுக்குப் புதன்கிழமையே சரி. வாக்கியமா திருக்கணிதமா என்பது இந்த ஜாதகத்தில் இப்போதைய சிக்கல் அன்று; ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள், ராசிக்கட்டத்தை ஒன்றிலிருந்தும் தசை இருப்பை (பிறந்தபோது நடந்த கிரக தசையில் மீதமிருந்த காலத்தை) இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கலக்காதீர்கள்.

ஆக, உங்களுக்குத் தெரிய வேண்டியது ஐந்து மணிக்கு முன்பா பின்பா என்பதுதான். நீங்கள் வாங்கிய எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வலியில் கிடந்த உங்களுக்கு நேரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குழந்தையைக் கையில் ஏந்திய உங்கள் மாமியாருக்குத் தெரியும். தலை தெரிந்த நேரமா, முழுதாக வெளிவந்த நேரமா, தொப்புள்கொடி அறுத்த நேரமா, முதல் அழுகையா என்று ஜோதிடர்களுக்குள் வழக்கு உண்டு. அத்தனையையும் பார்த்தவர் அவர். கடிகாரத்தைப் பார்த்திருக்க மாட்டார் என்று சொல்லாதீர்கள். தேவிபட்டினத்துப் பக்கத்தில் அதிகாலைத் தொழுகைக்கான பாங்கு ஒலி கேட்காத வீடு குறைவு. நவம்பர் தொடக்கத்தில் அது ஐந்து மணியை ஒட்டித்தான் வரும். பிள்ளை அழுதது பாங்குக்கு முன்பு என்றால் கன்னி. பாங்கு முடிந்து, கிழக்கு வெளுக்கத் தொடங்கிய பிறகு என்றால் துலாம். இரண்டுக்கும் இடையில் என்றால் மட்டும் ஒரு நல்ல ஜோதிடரிடம் உட்கார்ந்து, நடந்து முடிந்த சம்பவங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு எளிதாகத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை ஆறு ஆண்டுகளாகத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறீர்கள். வரன்கள் நிற்க நிற்கப் பரிகாரம் தேடினீர்கள், புத்தகம் வாங்கினீர்கள், கைவசம் இருந்த நேரமே தவறாக இருக்கலாம் என்று தெரிந்தும் பக்கத்து வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் வாரம் தவறாமல் சுற்றி வரத் தெம்பிருந்தது. உங்கள் மகளின் கல்யாணத்தைவிட உங்கள் வீம்பு பெரிதாக இருந்திருக்கிறது, அம்மா. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாகப்பிரிவினையில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. நியாயம் முழுவதும் உங்கள் பக்கமே இருக்கட்டும். கணவர் கடல் கடந்து உழைக்கப் போயிருக்கும்போது அவரைப் பெற்றவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாளா என்று பார்ப்பது அந்த வீட்டு மருமகளின் பொறுப்பு. பத்திரத்தில் சுவர் போட்டுப் பிரித்துக்கொண்டதால் அது இல்லாமல் போய்விடாது. பழைய காலத்துப் பேச்சு என்று நீங்கள் சொன்னாலும் என் எண்ணம் இதுதான். மழை கொட்டிய அந்த இரவில், வைத்தியம் படிக்காத ஒரு பெண், உங்கள் உயிரையும் பிள்ளையின் உயிரையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடன் எந்த மனையை விற்றாலும் தீராது. உங்கள் மகளுக்கு அவர் அப்பத்தா. பதினெட்டு வயதிலிருந்து இந்தப் பெண் தன் அப்பத்தாவைத் தெருவில் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

"ஊரில் விசாரித்துவிட்டுப் போனதோடு சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் விசாரிக்க வருபவர்கள் செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்று விசாரிப்பதில்லை. டீக்கடையிலும் கோயில் வாசலிலும் அவர்கள் கேட்பது, குடும்பம் எப்படி, பெரியவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். ஒரே வளாகத்தில் மாமியாரும் மருமகளும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை என்ற பதில் அவர்களுக்கு எத்தனை வாயிலிருந்து கிடைத்திருக்கும்? நான்காம் வீடு தாயையும் வீட்டையும் மனையையும் குறிக்கும் என்றும், செவ்வாய் பூமிகாரகன், அதாவது நிலத்துக்குரிய கிரகம் என்றும் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். திருமணத் தோஷம் என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைத் தாண்டிப் போவது ஜாதகம் படிக்கும் முறையன்று.

நேரம் கேட்பதற்காக மட்டும் அவரிடம் போகாதீர்கள். வந்த காரணம் அவருக்கு நொடியில் தெரிந்துவிடும். போய் உட்காருங்கள். உடம்பைப் பற்றிக் கேளுங்கள். "அத்தை, உங்கள் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், நீங்கள் இல்லாமல் எதுவும் சரியாக நடக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுநாளும் போங்கள். கணவரையும் தம் அம்மாவிடம் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். இந்த ஆறு வருட மௌனத்தில் அவருக்கும் பங்கு உண்டு. பேத்தி பிறந்த கதையைச் சொல்லாமல் இருக்க எந்த அப்பத்தாவாலும் முடியாது, அந்தப் பேச்சு தானாக வரும். வரும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: எந்த நேரமாக இருந்தால் தோஷம் இல்லை என்பதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பேத்திமேல் உள்ள பாசத்தில் அந்த நேரத்தையே சொல்லிவிடுவார்.

படிப்பை விட வேண்டாம். உங்கள் வீட்டில் பிறந்த நேரம் உறுதியாகத் தெரிந்தவர்களின் ஜாதகங்களை எடுத்து, தமிழ் மாதத்தையும் சூரியோதயத்தையும் வைத்து லக்னத்தை நீங்களே கண்டுபிடித்துப் பழகுங்கள். லக்னம் கைவந்த பிறகு தசைக்குப் போகலாம். கிழக்குப் பார்த்த கடற்கரை உங்களுக்கு வாய்த்திருக்கிறது. ஐப்பசி நடுவில் மேகம் விலகிய ஒரு விடியலில் ஐந்து மணியளவில் கடலோரம் நின்றால், சித்திரை நட்சத்திரம் நீருக்கு மேலே எழுவதைக் காணலாம். ராசிச்சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்கும் லாகிரி அயனாம்சக் கணக்கின்படி துலாத்தின் தொடக்கம் அந்த நட்சத்திரத்தை ஒட்டியே வகுக்கப்பட்டது. அது எழும் நேரத்தில்தான் கன்னி லக்னம் முடிந்து துலா லக்னம் தொடங்குகிறது. ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் லக்னம் என்பதைப் பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வரனுக்கு எந்த ஜாதகத்தைக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். தோஷம் இல்லாததைக் கொடுத்துவிடலாமா என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அது ஏமாற்று. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை நம் வசதிக்கு எழுதிய தாளின் மேல் கட்டக்கூடாது. நேரம் உறுதியாகும்வரை இரண்டில் எதையும் வெளியே கொடுக்காதீர்கள். துலாம் என்று உறுதியானால் துலாத்தையே கொடுங்கள். மகரம் செவ்வாய்க்கு உச்ச வீடு என்பதையும், உச்சம் பெற்ற செவ்வாய்க்குத் தோஷம் இல்லை என்று கொள்ளும் ஜோதிடர்கள் உண்டு என்பதையும், சந்திரனிலிருந்து எண்ணினால் அது பத்தாம் இடம் என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் பேசுங்கள். ஏற்பவர்கள் ஏற்கட்டும். தவறான ஜாதகத்தை அன்றே கிழித்துவிடுங்கள். பெட்டிக்குள் இருந்தால் என்றாவது ஒருநாள் எடுக்கத் தோன்றும்.