இரண்டு ஸ்டாப் தூரம்

கேள்வி: மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து என் ஆபீஸ் இரண்டு ஸ்டாப்தான். ஆனாலும் நடக்க மலைப்பாக இருக்கிறது. நடப்பதா, தி.நகர் டெர்மினஸ் போய் பஸ் ஏறுவதா? (ஒரு வாசகி, குரோம்பேட்டை)

பதில்: நடந்துவிடுங்கள். முதலில் கணக்கு, பிறகு அந்த மலைப்பு.

இரண்டு ஸ்டாப் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நிதான நடையில் 12 நிமிடம். சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போகிற பஸ்ஸுக்கு அதே தூரம் 4 நிமிடம். ஆக, பஸ்ஸில் போனால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் மிச்சம். ஆனால் காத்திருக்க 10, ஸ்டாப்புக்குப் போகவும் இறங்கி நடக்கவும் 4 என்று 14 நிமிடம் முன்பணமாகப் போய்விடுகிறது. அதை மீட்க ஒன்றே முக்கால் கிலோமீட்டராவது பஸ்ஸில் உட்கார வேண்டும். உங்கள் கணக்கு இன்னும் மோசம். 2023-இல் திறந்த ஆகாய நடைபாலம் ஸ்டேஷனிலிருந்து டெர்மினஸ் வரை 570 மீட்டர். பஸ் பிடிக்கவே ஆபீஸ் தூரத்தில் பாதியை நடந்துவிடுகிறீர்கள்!

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம்தானே நிற்க வேண்டும் என்று கேட்கலாம். பஸ்கள் சீராக வந்தால் அப்படித்தான். முதல் பஸ் சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டினால், அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடிவிடும், ஏற்றி இறக்க நேரமாகும், இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆளே இல்லாததால் அது விரைந்து வந்து முதல் பஸ்ஸை ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் ஒன்றுமில்லை, பிறகு ஜோடியாக இரண்டு. காத்திருப்பு பத்து நிமிடமாவது இப்படித்தான். அப்படி வரும்போது படியில் தொங்குகிற முதல் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் எட்டிப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேலே போகிற நாளில் இது உதவும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; தயங்காமல் ஏறுங்கள்.

இப்போது மலைப்பு. ஒரு கிலோமீட்டர் யாருக்கும் மலைப்பல்ல. அதை மலைப்பாக்குவது நடைபாதை. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 நெறிமுறை, நடக்க மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் வேண்டும் என்கிறது. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த 1.8 மீட்டருக்குள் மின்வாரியப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால், மொத்த அகலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடுவதால் சாலை உயர்கிறது, அதைத் துரத்திக்கொண்டு நடைபாதையும் உயர்கிறது. பிறகு ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் அதை வெட்டிச் சரிவு போடுகிறார்கள். ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. முழங்கால் வலி உள்ளவர் நாலாவது கேட்டில் சாலைக்கு இறங்கிவிடுவார். நடைபாதை இருக்க ஏன் ரோட்டில் நடக்கிறார்கள் என்று கேட்பவர்கள் ஒரு தெரு முழுக்க அதன் மேலேயே நடந்து பார்க்கட்டும்.

பைக் ஏறாமலிருக்கக் குறுக்கே கம்பம் நடுவதும் முழுத் தீர்வல்ல. சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் வேண்டும்; பைக்கின் ஹேண்டில்பார் அதைவிடக் குறுகல். நாற்காலிக்கு வழி விட்டால் பைக்கும் நுழையும், பைக்கை மறித்தால் நாற்காலியும் நின்றுவிடும். அங்கே கம்பத்தோடு அபராதமும் வேண்டும்.

சாலையைக் கடக்க நடைமேம்பாலம் கட்டித் தரச் சொல்கிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை. கீழே 5.5 மீட்டர் விட்டு, தளத்தின் கனமும் சேர்த்தால் 6 மீட்டர் ஏற வேண்டும். படிக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 40 படி மேலே, 40 படி கீழே. 18 மீட்டர் சாலையை நேராகக் கடக்க நமக்கு 15 விநாடி, முதியவருக்கு 20. அந்த 20 விநாடி பச்சை விளக்கைக் கொடுக்க மனமில்லாமல் அவரை 80 படி ஏற்றி இறக்குகிறோம். மாம்பலம் பாலத்தை நான் ஆதரிப்பது வேறு காரணத்துக்காக: ரயிலில் வந்தவர் பிளாட்பாரம் தாண்ட ஏற்கெனவே மேலே ஏறிவிட்டார், அதே மட்டத்தில் போகிறார்.

நாளைக்கே நடக்கத் தொடங்குங்கள். வழியில் உடைந்த பலகைக்கல், திறந்த மூடி, பாதையை மறிக்கும் பெட்டி தென்பட்டால் சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு அழையுங்கள். தெருப் பெயரோடு நிறுத்தாமல் பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணையும் சொல்லுங்கள். பஸ் போகிற சாலை என்றால் அதையும் சொல்லுங்கள்: மாநகராட்சியில் பேருந்து சாலைகளுக்குத் தனித் துறை, உட்தெருக்களுக்கு மண்டலப் பொறியாளர். இதைச் சொல்லாமல் விட்டால் புகார் இரண்டு மேஜைகளுக்கு நடுவே நின்றுவிடும்.