பொலேரோ பிக்கப் கேபினில் சீட்டுக்குப் பின்னால் 12 இஞ்ச் சப்வூஃபர் பெட்டி வைக்கலாமா? என்ன பலகை, என்ன அளவு?

12 இஞ்ச் வேண்டாம். 10 இஞ்ச் போதும், அதுவும் ஆழம் குறைந்த ஷாலோ மாடலாகப் பாருங்கள். பெட்டி நாலாபுறமும் அடைத்த சீல்டு பெட்டியாக இருக்கட்டும்.

நான் குடியாத்தத்தில் மரவேலை செய்கிறவன். கதவு, ஜன்னல் வேலைக்கு நடுவே வண்டிக்காரர்களுக்கு ஸ்பீக்கர் பெட்டியும் அடித்துக் கொடுக்கிறேன். பாதிப் பேர் ஸ்பீக்கரைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துதான், "இதுக்கு ஒரு பொட்டி அட்ச்சிக் குடுண்ணா" என்பார்கள். இடத்தை அளந்த பிறகுதான் ஸ்பீக்கர் வாங்க வேண்டும்.

சீட்டுக்குப் பின்னால் கிடைப்பது சரிவான சந்து. நீளம் 40 இஞ்ச், உயரம் 14, ஆழம் கீழே 7, மேலே 4 என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆழம் 5.5. 18 மி.மீ. பலகை என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 1.4 இஞ்ச் கனத்திலேயே போய்விடும். மிச்சம் 38.6 × 12.6 × 4.1, சுமார் 1994 கன இஞ்ச். 1728-ஆல் வகுத்தால் 1.15 கன அடி, லிட்டரில் 32, 33 வரும். ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே கொடுக்கும் முட்டும் இதில் கொஞ்சம் தின்னும். அப்படியும் பெரும்பாலான 10 இஞ்சுக்குத் தாராளம். ஸ்பீக்கரோடு வரும் தாளில் கேட்ட அளவை மட்டும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண 12 இஞ்சை வைத்தால் வளையமே முகப்பை அடைத்துக்கொள்ளும், காந்தம் பின்பலகையில் இடிக்கும்.

சின்ன கேபின் என்று வருத்தப்பட வேண்டாம். பேஸுக்கு அது லாபம். உள்நீளம் ஐந்தடி என்றால் சுமார் 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபினே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் கண்ணாடி ஏற்றியிருந்தால்தான். ஏசி இல்லாத வண்டியில், கத்திரி வெயிலில் பள்ளிகொண்டா டோலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யார் உட்காருவார்கள்? அதனால் கண்ணாடியை இறக்கி வைத்துத்தான் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையரை) செட் செய்ய வேண்டும்.

பலகைக்கு எல்லோரும் எம்டிஎஃப், அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை சொல்வார்கள். வீட்டுக்குள் சரி. லோடு வண்டியில் மழைத் தண்ணீர் ஒழுகும், தண்ணீர் கேன் கவிழும். ஓரம் உப்பிவிட்டால் எம்டிஎஃப் முடிந்தது. நான் 18 மி.மீ. 710 பிளைதான் (தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்) போடுவேன். பார்ட்டிக்கிள் போர்டு பக்கமே போகாதீர்கள், ஸ்க்ரூ பிடிக்காது.

மூட்டுக்கு ஃபெவிகால், ஸ்க்ரூ, உள்மூலை முழுக்க சிலிக்கான். சிலிக்கானில் காடி வாசனை அடிக்கும். அது போகும்வரை, ஒரு நாளாவது, ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். அந்த ஆவி ஸ்பீக்கருக்கு ஆகாது. மாட்டியதும் கூம்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விடுங்கள். தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப் பிடித்திருக்கிறது. வெடுக்கென்று வந்தால் எங்கோ கசிவு. உள்ளே கொஞ்சம் பாலியஸ்டர் பஞ்சு திணிக்கலாம். இலவம் பஞ்சு வேண்டாம், நாளடைவில் அமுங்கிக் கீழே உட்கார்ந்துவிடும். மேலே ஒட்ட ரெக்சின் தேடி அலைய வேண்டாம். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனி வெட்டுத்தோல் கிடைத்தால் அதைவிட அழகு வேறில்லை.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 300 வாட் ஆம்ப் முழு வேகத்தில் 27 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 8 கேஜ் சுத்தச் செம்பு வயர் போடுங்கள், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கம் ஃபியூஸ் போட்டுவிட்டேன் என்பார்கள்; நடுவில் வயர் உரசினால் அது காப்பாற்றாது. பெட்டியை பாடியோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், பிரேக் அடித்தால் முதுகில் வந்து விழக்கூடாது. துளை போடுமுன் பின்னால் என்ன குழாய், வயர் ஓடுகிறது என்று பாருங்கள். ஜாக்கி எடுக்கும் வழியையும் அடைக்காதீர்கள்.

சீட்டை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்து, மேல் ஆழம், கீழ் ஆழம், நீளம், உயரம் நான்கையும் எழுதுங்கள். கட்டிங் அளவு போட்டுத் தருகிறேன்.