மஞ்சப்பையில் கிடக்கும் பாதிப் போர்வை: குரோஷா கேள்வி பதில்

பிள்ளைக்கென்று ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் குரோஷா (கொக்கி ஊசியால் போடும் நூல் பின்னல்) வேலைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், மதுரையில் பாதிப் பேர் பரணிலிருந்து பையை இறக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கும் இதில் அனுபவம் உண்டு. என் மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது ஆரம்பித்த போர்வையை அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் முடித்தேன். அதனால் யாரையும் திட்டப்போவதில்லை.

தெப்பக்குளத்திலிருந்து ஒருவர்: மாசமாக இருக்கும்போது ஆரம்பித்த போர்வை அக்கா. பையனுக்கு இப்போது 5 வயது. அகலம் 75 செ.மீ., நீளம் பாதி வந்திருக்கிறது. தொடரலாமா, பிரித்துவிடலாமா?

தொடருங்கள். ஸ்வெட்டர் பின்னலில் ஊசி நிறையக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், காத்திருக்கும், ஊசி நழுவினால் எல்லாம் போச்சு. குரோஷாவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதில் ஒரு ஊக்கைக் குத்தி வைத்திருந்தால் பத்து வருஷம் கழித்தும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆனால் ஊசியை எடுக்கும் முன் இரண்டு வேலை. முதலில் போர்வையைக் கட்டிலில் விரித்து, பையனை அதன் மேல் படுக்கச் சொல்லுங்கள். நீங்கள் 2 கிலோ 800 கிராம் குழந்தைக்குத் திட்டமிட்டீர்கள், இப்போது படுத்திருப்பவன் காலை நீட்டினால் வெளியே வருவான். அவனுக்கு 100 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளமாவது வேண்டும். நீளத்துக்கு வரிசையைக் கூட்டலாம். அகலத்துக்கு என்ன செய்வது? போர்வையைத் திருப்பி, பக்கவாட்டு ஓரத்தில் ஊசியை விட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டு போங்கள். உயரமான கண்ணியான டபுள் குரோஷா வரிசை என்றால் ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் 2 கண்ணி, குட்டையான சிங்கிள் என்றால் 1. இரண்டு பக்கமும் 12, 13 செ.மீ. பட்டை விழுந்தால் கணக்கு சரியாகிவிடும், பார்டர் வைத்த சேலை மாதிரி அழகாகவும் இருக்கும்.

இரண்டாவது, கடைசியாகப் போட்ட இரண்டு வரிசையைத் தயங்காமல் பிரித்துவிடுங்கள். நாம் ஒரு வேலையைக் கைவிடும் நாளில் போட்ட வரிசை பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். என் போர்வையில் ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டு, 96 இருந்த எண்ணிக்கை 89 ஆகி, ஓரம் முறம் மாதிரி சரிந்திருந்தது. வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் உயரத்துக்காகப் போடும் செயினை எண்ணாமல் விடுவதால் வரும் வினை அது. பிரித்தபின் எண்ணிப் பாருங்கள், ஆரம்ப வரிசையின் எண்ணிக்கை வந்தால்தான் மேலே போக வேண்டும்.

ஊசி தொலைந்துவிட்டது. எந்த நம்பரில் போட்டேன் என்று நினைவில்லை.

பழைய பகுதியில் 10 செ.மீ. அளவுக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். அதே நூலில் 3.5, 4, 4.5 மி.மீ. ஊசிகளில் சின்னச் சின்னச் சதுரம் போட்டு எது ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் நினைவிருந்தாலும் இதைச் செய்வது நல்லது. இத்தனை வருஷத்தில் கையின் இறுக்கம் மாறியிருக்கும். புது வரிசை இறுகி உள்ளே இழுத்தால் அரை மி.மீ. பெரிய ஊசி.

திருமங்கலம்: நூல் தீர்ந்துவிட்டது. அதே கம்பெனி, அதே ரோஜா நிறம் என்று வாங்கி வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் வேறு ரோஜாவாக இருக்கிறது.

லேபிளைப் பாருங்கள். நிற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது சாயத் தொட்டியின் எண். ஒரே நிறம்தான், ஆனால் ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் ஒரு பொட்டு கூடும், குறையும். பழைய தொட்டி நூல் இப்போது கிடைக்காது, அலைய வேண்டாம்.

கலந்து போடுங்கள். பழைய நூலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே பழையது இரண்டு வரிசை, புதியது இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு வரிசை போனால், எங்கே மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது. பழையது சுத்தமாகத் தீர்ந்திருந்தால் மேலிருந்து நான்கு வரிசையைப் பிரித்து அந்த நூலையே பயன்படுத்துங்கள். இன்னொரு வழி, ஒத்துப்போக வைக்கும் முயற்சியையே விட்டுவிட்டு, எதிர் நிறத்தை எடுப்பது. ரோஜாவுக்குக் கிளிப்பச்சை. கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பதுதான் பார்க்கப் பிழையாகத் தெரியும், முழுக்க வேறு நிறம் டிசைனாகத் தெரியும்.

நூல் வாங்கப் போகும்போது சாம்பிளைக் கையோடு எடுத்துப் போங்கள். விளக்குத்தூண் பக்கமோ, மாசி வீதிகளிலோ, முன்பு புது மண்டபத்துக்குள் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலோ, எங்கே போனாலும் டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். முடிந்த பகுதியைத் தராசில் வையுங்கள். 48 வரிசை 240 கிராம் என்றால் ஒரு வரிசைக்கு 5 கிராம். கையில் 70 கிராம் இருக்கிறது, சுற்றிலும் ஓரம் கட்ட 20 கிராம் ஒதுக்கினால் 10 வரிசைதான் வரும். மீதியை அதற்கேற்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி புளி நிறுக்கும் தராசில் எனக்கு இதை நிறுத்துத் தந்தார், துணியில் புளி ஒட்டாமல் பேப்பர் போட்டு.

மேலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: என் மனைவி பேத்திக்காகக் கவுன் ஒன்று ஆரம்பித்தார். மேல்பகுதி மட்டும் முடிந்தது. அதற்குள் அவர் போய்விட்டார். எனக்குக் குரோஷா தெரியாது. யாரிடமாவது கொடுத்து முடிக்கலாமா?

கொடுக்கலாம் ஐயா. ஆனால் கொடுப்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டம்மா போட்ட ஒரு வரிசையையும் பிரிக்கக் கூடாது, எண்ணிக்கை ஒன்றிரண்டு தப்பியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும். அப்புறம், பாவாடைப் பகுதியை வேறு நிறத்தில் தொடங்கச் சொல்லுங்கள். ஒருவர் கை இறுக்கம் இன்னொருவருக்கு வராது. ஒரே நிறத்தில் போட்டால் அந்த வித்தியாசம் கோணலாகத் தெரியும். நிறம் மாறினால் மேலே இருப்பது பாட்டி போட்டது என்று பேத்திக்கு விரல் வைத்துக் காட்டலாம். கொடுக்கும் முன் அந்தக் கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பயணத்தில் பிரிந்துவிடும்.

இரண்டு வயதுக்கு ஆரம்பித்த ஃபிராக். மகளுக்கு இப்போது 6. என்ன செய்ய?

பொதுவான அளவுப்படி 2 வயதுக்கு மார்பளவு 53 செ.மீ., 6 வயதுக்கு 63.5. பத்து செ.மீ.க்கு மேல் வித்தியாசம், இழுத்து மாட்ட முடியாது. பாதிக்கும் குறைவாக முடிந்திருந்தால் பிரித்து நூலை மீட்டு, இன்றைய அளவுக்குப் புதிதாக ஆரம்பியுங்கள். பாதிக்கு மேல் முடிந்திருந்தால் அதே அளவில் முடித்து, சொந்தத்தில் யாருக்காவது காதுகுத்து வரும்போது கொடுங்கள். மாமன் சீரில் வைத்தால் தங்கத்துக்கு அடுத்து அதைத்தான் எல்லோரும் தூக்கிப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு ஏமாற்றம் என்றால் மிச்ச நூலில் ஒரு தோள்பை போதும்.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் தொங்கவிடுங்கள். நிமிர்ந்துவிடும்.

பரவை: பூச்சி வராமல் இருக்கப் பையில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன். துவைத்துவிட்டுக் குழந்தைக்குப் போடலாமா?

உடனே வேண்டாம். அந்துருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. துவைத்து, பல நாள் மொட்டை மாடியில் காற்றாட விடுங்கள். மோந்து பார்த்தால் வாசனை துளியும் வரக் கூடாது. பச்சைக்குழந்தைக்கு என்றால் நான் அந்த நூலையே தொட மாட்டேன். இத்தனைக்கும் செயற்கை நூலான அக்ரிலிக்கையும் சுத்தமான காட்டனையும் அந்துப்பூச்சி தின்பதில்லை, அதற்கு வேண்டியது அசல் கம்பளி. வேப்பிலை போதும்.

மதுரை வெயிலுக்கு உல்லன் நூல் சரியா?

உடுப்புக்குக் காட்டன். கடையில் 'உல்லன்' என்று கொடுப்பது அநேகமாக அக்ரிலிக்தான், வியர்வையைக் குடிக்காது. ஏசி அறைக்கோ கொடைக்கானல் பயணத்துக்கோ போர்வை என்றால் அக்ரிலிக் போதும்.

புத்தகத்தில் ஒரு மாதிரியும் வீடியோவில் ஒரு மாதிரியும் சொல்கிறார்கள். டபுள் குரோஷா போட்டால் அளவு பாதிதான் வருகிறது.

புத்தகம் இங்கிலாந்து முறை, வீடியோ அமெரிக்க முறையாக இருக்கும், அல்லது தலைகீழாக. அமெரிக்கர் சிங்கிள் என்பதை இங்கிலாந்தில் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷா' என்று வந்தால் அது அமெரிக்க முறைதான், இங்கிலாந்து முறையில் அந்தப் பெயரே கிடையாது.

கரடி பொம்மைக்குக் கண் மட்டும் பாக்கி. பட்டன் தைக்கலாமா? பாப்பாவுக்கு 1 வயது.

கூடாது. மூன்று வயது வரை பட்டன், மணி, திருகு போட்ட பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். குரோஷா துணி நெகிழும், முழுக்கண்ணும் ஓட்டை வழியே கழன்று வாய்க்குள் போகும். கறுப்பு நூலில் எம்பிராய்டரி போடுங்கள். அதே மாதிரி, ஒரு வயது ஆகும் முன் தூங்கும் குழந்தையின் மேல் எந்தப் போர்வையும் போடக் கூடாது.

எல்லாம் முடிந்தது, அறுபது நூல் நுனி தொங்குகிறது. வெட்டிவிடலாமா?

வெட்டினால் இரண்டாவது துவையலில் எல்லாம் பிரியும். மழுங்கிய பெரிய ஊசியில் கோத்து ஒரு பக்கம் 5 செ.மீ., திரும்பி எதிர்ப்பக்கம், மறுபடி ஒருமுறை என்று ஓட்டியபின் வெட்டுங்கள். ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்தால் ஆறு நாள். பெரும்பாலான போர்வைகள் நூல் இல்லாமல் நின்றுபோவதில்லை, இந்த நுனிகளைப் பார்த்துத்தான் நிற்கின்றன. என்னுடையது கடைசி நான்கு வருஷம் நின்றது இதற்காகத்தான். முடித்துத் துவைத்ததும் கொடியில் தொங்கவிடாதீர்கள், காட்டன் தண்ணீர் பாரத்தில் முழ நீளம் இறங்கிவிடும். பாயில் விரித்து நிழலில் காய வையுங்கள். அக்ரிலிக் மேல் அயர்ன் பெட்டி பட்டால் துவண்டுபோகும், திரும்ப வராது.

அம்மாவின் போனிலிருந்து, நான்காம் வகுப்பு மாணவி: நான் யுகேஜி படிக்கும்போது அம்மா எனக்குத் தொப்பி ஆரம்பித்தாள். இன்னும் முடிக்கவில்லை. எப்படி முடிக்க வைப்பது ஆன்ட்டி?

கண்ணு, உச்சியிலிருந்து ஆரம்பித்த தொப்பி என்றால் ரொம்பச் சுலபம். டேப்பை எடுத்து நெற்றிக்கு மேலே, காதுக்கு மேலே சுற்றி உன் தலையை அளந்துகொள். 52 செ.மீ. வந்தால் தொப்பி 48, 49 இருக்கணும், அப்போதுதான் கழலாமல் நிற்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, சிக்கலாகிக் கிடக்கும் நூலை நீயே உருண்டையாகச் சுற்றி, ஊசியையும் தேடி எடுத்து, மூன்றையும் அம்மா மடியில் வை. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து, சீரியல் இல்லாத நேரமாகப் பார்த்து.