விசைப்படகு வின்ச்சில் கை சிக்காமல் இருக்க கிளவுஸ் போதுமா?

தம்பி முதன்முதலாக போட்டுக்குப் போகிறான், நல்ல கிளவுஸ் வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. என் வலது கையில் இரண்டு விரல் போனதே கிளவுஸால்தான்.

நான் ராமேஸ்வரத்தில் பதினோரு வருடம் போட்டுக்குப் போனவன். 2022 பிப்ரவரி. மடி, அதாவது இழுவலை ஏற்றும்போது அதன் இரும்பு ரோப் வின்ச்சின் டிரம்மில் (ரோப் சுற்றும் உருளை) ஒரே இடத்தில் குவியாமல் ஒருவன் தள்ளிவிட வேண்டும். இரும்புக் கம்பியால் தள்ளுவதுதான் முறை. அன்று கம்பி எங்கேயோ கிடந்தது, கையால் தள்ளினேன். ரோப் பழசு, பிசிறு பிசிறாக நின்றது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது, அந்த 61 நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் தொழில். ரோப் மாற்ற யார் ஒரு நாளை விடுவார்கள்? பிசிறு கிளவுஸில் மாட்டி, கையை டிரம்முக்கு இழுத்தது. கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்கவில்லை. டிரம்மை நிறுத்தும் கிளட்ச் லீவர் அவர் பக்கம், எனக்கு எட்டாத தூரம். பக்கத்தில் நின்றவன் ஓடிப்போய் இழுத்த பிறகும் டிரம் அரைச் சுற்று சுற்றித்தான் நின்றது.

"கவனமா இருந்திருக்கணும்" என்று இங்கே யாராவது எழுதுவீர்கள், தெரியும். சரி, கையை வைத்தது என் தப்புதான். ஆனால் ஒரு ராத்திரியில் நாலைந்து தடவை மடி இழுப்பவனுக்கு விடியற்காலையில் என்ன கவனம் இருக்கும்? ரோப் தள்ளுகிறவன் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்துகிற லீவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது நான் கரையில் ஒரு போட் ஓனரிடம் வலை தைக்கிறேன். அவர் லீவரில் ஒரு கயிறு கட்டி டிரம் பக்கம் வரை விட்டிருக்கிறார். செலவு நூறு ரூபாய்கூட இல்லை. எல்லா ஓனரையும் குறை சொல்லவில்லை.

கைலி, கழுத்தில் துண்டு வேண்டாம். அரை டவுசர் போதும். தளத்தில் சுருண்டு கிடக்கும் ரோப் வளையத்துக்குள் கால் வைக்கவே கூடாது.

அப்புறம் இன்னொன்று. டோக்கனில், அதாவது கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டில், தம்பி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தரமாக ஒரு பகுதி ஊனமானால் மீனவர் காப்பீட்டில் இரண்டரை லட்சம் உண்டு. அன்று வராத ஒருவனுக்குப் பதிலாக ஏறியவன் நான், டோக்கனில் அவன் பெயர்தான். விரல் எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை, நீ அந்த போட்டில் போனதற்கு என்ன அத்தாட்சி என்றுதான் கேட்டார்கள். எட்டு மாதம் அலைந்துவிட்டு விட்டுவிட்டேன்.