பழைய கட்டடம் காக்கும் படிப்பு: தக்கலை அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, மகள் ஆர்க்கிடெக்சர் படித்து, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் பேராசிரியர் ஆகப் போகிறேன் என்கிறாள். இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், கொஞ்சம் தாமதமாக.

பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். நாட்டா என்னும் ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு, பி.ஆர்க் 5 வருடம். திருச்சி என்.ஐ.டி., டெல்லி எஸ்.பி.ஏ. (மத்திய அரசின் கட்டடக்கலைக் கல்லூரி) என்றால் ஜே.இ.இ. மெயினில் ஆர்க்கிடெக்சர் தாள் எழுத வேண்டும். அப்புறம் 2 வருட எம்.ஆர்க்; டெல்லி, போபால் எஸ்.பி.ஏ.க்களில் கட்டடப் பாதுகாப்பு தனிப் படிப்பாகவே இருக்கிறது. கல்லூரி வேலைக்கு எம்.ஆர்க் தேவை, மேலே போக முனைவர் பட்டம்.

ஆனால் படிப்பு முடிந்த கையோடு அவள் பாடம் நடத்தப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. சைட்டில் நிற்காதவர் இந்தப் பாடத்தை என்னவென்று நடத்துவார்? பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லே பொரிந்து உதிரும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம். பலரும் நல்லெண்ணத்தில்தான் இப்படிக் கெடுக்கிறார்கள். இதையெல்லாம் கொத்தனாரோடும் ஆசாரியோடும் நின்று பார்க்க வேண்டும். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் போன்ற அமைப்பிலோ, இதையே தொழிலாகச் செய்யும் ஆர்க்கிடெக்டிடமோ இரண்டு மூன்று வருடம் இருக்கட்டும்.

இன்னொன்று, யாரிடம் அனுமதி வாங்குவது என்பதே இங்கே பாதி வேலை. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. சிதறால் சமணர் மலைக்கோயிலும் வட்டக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையிடம். சுசீந்திரம் கோயிலென்றால் அறநிலையத் துறை.

சம்பளம்? அரசு நிறுவனத்தில் கவலையில்லை, இடம் கிடைப்பதுதான் பாடு. தனியார் கல்லூரியில் ஆரம்பம் கைக்கும் வாய்க்கும்தான். கடன் வாங்கினால் முதல் சில வருடச் சம்பளத்தை நம்பித் தவணை போடாதீர்கள். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொண்டால் சொந்தமாக வீடு வடிவமைத்தும் சம்பாதிக்கலாம்; அதுவே எனக்குப் பெரிய தைரியம்.

இந்த லீவில் சொந்தத்தில் யாருடைய பழைய ஓட்டு வீட்டையாவது டேப் வைத்து அளந்து, கூரையைத் தாங்கும் கழுக்கோல் முதல் வாசல்படி வரை வரையச் சொல்லுங்கள். பாதியில் எழுந்து போனால் சாதாரண பி.ஆர்க் போதும். மாடத்தின் ஆழத்தை அளக்க மறந்தேன் என்று மறுபடி ஓடினால், தயங்காமல் இந்தப் பாதுகாப்புப் படிப்புக்கே அனுப்புங்கள்.